பாலத்துக்கு மேற்கே

9 ஜூலை 1962

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் யூடித் வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. மீன் காயப்போடும் பந்தலுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய், "இந்தாடி, ஆல்டாவிலேர்ந்து உன் காதலன் எழுதியிருக்கான்" என்று கொடுத்தாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டு. நான் நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்துவிட்டுக் கிழித்துக் கடலில் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே அம்மா. இந்த வீட்டில் ஒரு காகிதத்தை ஒளித்துவைக்க இடமில்லை.

இப்போது இரவுதான். ஆனால் சூரியன் இறங்காமல் வெயில் என் போர்வை மேலேயே கிடக்கிறது. விளக்கு ஏற்ற வேண்டாம், அது ஒன்றுதான் நல்லது. மற்றபடி இந்த மாதத்தில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று சொல்லவே முடியாது. அப்பா நினைத்த நேரத்தில் படகை எடுத்துக்கொண்டு போகிறார், நினைத்த நேரத்தில் வந்து நிற்கிறார். படியில் சத்தம் கேட்டால் எழுதுவதை அப்படியே தலையணை உறைக்குள் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். அதனால்தான் எழுத்து இப்படி நடுவில் நடுவில் அறுந்து கிடக்கிறது.

நீ வீட்டு முகவரிக்கு முதலில் போட்ட கடிதத்தை அப்பா பிரிக்காமலே அடுப்பில் போட்டார். "இன்னொரு தடவை அவ கையெழுத்து இந்த வாசலுக்குள்ள வந்துச்சுன்னா, நீ படிச்சது போதும். வார்டோவுல மீன் வெட்டப் போகலாம்" என்றார். கத்தவில்லை. கத்தி தீட்டிக்கொண்டே சொன்னார். அவர் என்னை அடித்ததே இல்லை, உனக்குத் தெரியும். அடித்தால் எப்போது முடிந்தது என்றாவது தெரியும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது முடிகிறதே இல்லை.

ஒரு செய்தி. சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. இந்த வருஷம் ஜூன் உறைபனி சதுப்பில் முல்தேப் பழத்தின் பூக்களைத் தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை எழுப்பி, பூட்ஸைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, மலைவெளிக்குக் கூட்டிப்போனார். இதுவரை யாருக்கும் காட்டாத நம் சதுப்பைக் காட்டினார். காய் சிவப்பாக, கல்லு மாதிரி, கண்ணுக்கு எட்டின வரைக்கும் நிற்கிறது. திரும்பும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "யார்கிட்டயும் சொல்லாத. பாதிரியார் கேட்டாலும்."

கோடையில் வந்து கூட்டிப்போகிறேன் என்றாயே. எப்போது வருகிறாய்? பள்ளி ஆகஸ்ட் இருபதாம் தேதி திறக்கிறது. அதற்குள் வந்துவிடு அம்மா. அந்த விடுதிக்கும் போகப் பிடிக்கவில்லை, அங்கிருந்து இந்த வீட்டுக்கு வரவும் பிடிக்கவில்லை.

உன் அன்பு மகள்,
ஹெர்டிஸ்


ஆல்டா
16 ஜூலை 1962

என் கண்ணு ஹெர்டிஸுக்கு,

அம்மா நலம். பேக்கரியில் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடுகிறது, உட்கார நேரமில்லை, முட்டியில் பழைய வலி. உனக்கு எழுத உட்கார்ந்தால்தான் கால் நீட்டுகிறேன். பேக்கரிக்கு மேலேயே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் உனக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். விடுதி கிடையாது, சாயங்காலமானால் நீ என்னிடமே வந்துவிடலாம். காலையில் சூடான ரொட்டி வாசனையில்தான் கண் விழிப்பாய். கொஞ்சம் இளைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அவர் சமைக்கிற கஞ்சியை எனக்குத் தெரியாதா?

சதுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மாவு பிசைகிற கை நின்று நின்று போகிறது.

பதினான்கு வருஷம், ஹெர்டிஸ். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவர் கொண்டுவந்து கொட்டுகிற வாளியை நான்தான் மேஜையில் பரப்பி, இலையும் காம்பும் பொறுக்கி, சர்க்கரை போட்டு ஜாடியில் அடைத்தேன். கிறிஸ்துமஸ் அன்று அவருடைய அக்காமார்களுக்குக் கிரீம் அடித்து அதில் கலந்து பரிமாறினேன். அந்தப் பழம் எந்த மண்ணில் நிற்கிறது என்று எனக்கு ஒரு தடவையாவது காட்டினாரா? யாரோ ஊருக்கு வந்த பட்டணத்தாளிடம் கதை விடுகிற மாதிரி ஏதோ ஒரு திசையைத்தான் என்னிடமும் சொன்னார். உன்னை மட்டும் கூட்டிப்போயிருக்கிறார். பதிமூன்று வயசு. சரி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். ஆகஸ்ட் பதினொன்று, சனிக்கிழமை. நம் ஊர்க் கடைவாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கினால், உன் அப்பா காதுக்குப் போகிற வரைக்கும் அந்த ஜனத்துக்குத் தொண்டை அரிக்கும். மலைவெளியிலேயே இறங்கிவிடுகிறேன். முல்தே பறிக்கப் போகிறேன் என்று நீ வாளியோடு கிளம்பினால் எங்கே என்று கேட்கிற ஆள் அந்த ஊரில் கிடையாது. அப்படிக் கேட்பதுதான் மரியாதைக்குறைவாயிற்றே. அந்தச் சதுப்பிலேயே சந்திப்போம். சாயங்கால பஸ்ஸில் இருவரும் ஆல்டாவுக்கு வந்துவிடலாம்.

அது எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுது.

முத்தங்களுடன்,
அம்மா


23 ஜூலை 1962

அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டில் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் யூடித்தைக் கட்டிக்கொண்டேன். அவள், "ஏய், மூச்சு முட்டுதுடி, என்ன ஆச்சு உனக்கு?" என்றாள்.

ஆனால் அம்மா, சதுப்பில்தான் சந்திக்க வேண்டுமா? மலைவெளிச் சாலையில் இருக்கிற பாலத்திலேயே நிற்கட்டுமா? பஸ் அங்கே நின்றுதான் போகும். நீ இறங்காமலே என்னை ஏற்றிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வாயைத் திறந்து கொடுக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். ஆனாலும் அவர் பார்த்தார்.

நேற்று அவரோடு கடைக்குப் போனேன். அவர் பூட்ஸெல்லாம் கறுப்புச் சேறு. கடைக்கார ஸ்வேர்ரே கல்லாவில் சாய்ந்துகொண்டு, "என்ன எட்வின், கோயிலுக்குப் போய்ட்டு வரியா?" என்றார்.

"ஆமா. பாதிரியார் இந்த வருஷம் சதுப்புலதான் பிரசங்கம் பண்றார்."

"காய் எப்படி?"

"எங்க காய்? எல்லாம் பனியில கருகிப்போச்சு. ஒரு கிண்ணம் தேறினா அதிர்ஷ்டம்."

"அடப்பாவமே. எனக்கும் அப்படித்தான். ஒண்ணுகூட இல்ல" என்றார் ஸ்வேர்ரே. அவர் முகமெல்லாம் கொசுக்கடி, ஒரு கண் வீங்கி மூடியே கிடந்தது. இருவரும் ரொம்ப வருத்தமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், சிரிப்பு வயிற்றுக்குள் போய்விட்டது. வீடு வருகிறவரை என்ன செய்யப்போகிறாரோ என்று நடுங்கிக்கொண்டே வந்தேன். ஒன்றும் செய்யவில்லை. சாப்பிடும்போது, "சிரிக்கிற முகம் எல்லாத்தையும் சொல்லிடும்" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று இருக்கிறது. ஏதாவது தெரியுமா தெரியாதா என்றே அவரிடம் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாலத்திலேயே நிற்கிறேனே அம்மா. சரி என்று எழுது.

உன்
ஹெர்டிஸ்


ஆல்டா
30 ஜூலை 1962

அன்பு ஹெர்டிஸ்,

பாலத்தில் போகிற வருகிற லாரிக்காரன் எல்லாம் உன் அப்பாவோடு காபி குடிக்கிறவன். பெட்டியும் கையுமாக நீ அங்கே நின்றால் பஸ் வருமுன் அவர் வந்துவிடுவார். இதை நான் சொல்ல வேண்டுமா?

உனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுது. நான் வற்புறுத்தவில்லை. என்னிடம் மறைக்கிற வீட்டில்தான் இத்தனை காலம் இருந்தேன், இதுவும் பழகிப்போகும். நீயும் அவர் பக்கம் போய்விட்டாய் என்று தெரிந்துகொள்கிறேன், அவ்வளவுதான். கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.

இங்கே மழை. முட்டி வலி கூடியிருக்கிறது.

அம்மா


3 ஆகஸ்ட் 1962

அம்மா,

கட்டிலை யாருக்கும் கொடுக்காதே. சொல்கிறேன்.

பாலத்தில் இறங்கு. பாலத்துக்கு மேற்கே போ, ஏரிப் பக்கம் போகாதே. ஒரு ஓடை வரும், அதன் இடது கரையோடு ஏறு. பிர்ச் மரங்கள் முடிகிற இடத்தில் உடைந்த கலைமான் வேலி ஒன்று கிடக்கிறது. அதைத் தாண்டி மேட்டில் ஏறிக் கீழே பார்த்தால் சதுப்பு. நடுவில் படுத்த மாடு மாதிரி ஒரு பாறை. அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருப்பேன்.

சத்தியமாக இதுதான் இடம். பொய்யான இடத்தைச் சொல்லும்போதும் எல்லோரும் இப்படித்தான் சத்தியம் செய்வார்கள் என்று தெரியும். ஆனால் நான் உன்னிடம் சொல்கிறேன், அம்மா.

இந்த வீட்டில் யாரும் சதுப்பு இருக்கும் இடத்தை இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். கீழே அப்பா இருமுகிறார். முழித்திருக்கிறாரா தூக்கத்தில் இருமுகிறாரா தெரியவில்லை. உறையில் போட்டு இப்போதே ஒட்டிவிடுகிறேன். திரும்பப் படித்தால் கிழித்துவிடுவேன்.

சனிக்கிழமை அவர் வலை எடுக்கப் போகிறார். நான் சின்ன வாளியின் அடியில் என் துணிகளை வைத்து, மேலே பாசியைப் போட்டு மூடிக்கொண்டு வருவேன். பெரிதாக எதுவும் எடுத்து வர மாட்டேன். உன் நீலக் கம்பளிச் சட்டையை மட்டும் கொண்டுவருகிறேன். நீ அதை மறந்துவிட்டுப் போய்விட்டாய்.

உன் மகள்,
ஹெர்டிஸ்


12 ஆகஸ்ட் 1962

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கு உடம்புக்கு என்ன? பஸ் வராமல் போய்விட்டதா?

நேற்று நான் அங்கே இருந்தேன். காலை பஸ் பாலத்தில் நின்று கிளம்பும் சத்தம்கூடக் கேட்டது. காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. எழுந்து பாறைமேல் நின்றேன். இப்போது வருவாய், இதோ மேட்டில் தலை தெரியும் என்று. மேட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பழமெல்லாம் பழுத்துவிட்டது அம்மா. சிவப்பெல்லாம் போய்ப் பொன்னாக, தொட்டாலே விரல்மேல் கழன்று விழுகிறது. நீ வந்தால் இதைப் பார்த்து என்ன சொல்வாய் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உனக்காக ஒரு கை பறித்து ஒரு பெரிய இலையில் வைத்தேன். வெயிலில் அது கசிந்து ஒழுகியது. அப்புறம் நானே தின்றேன்.

மழை வந்தது. உன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாறைக்கு அடியில் உட்கார்ந்தேன். சாயங்கால பஸ்ஸும் போய்விட்டது. அதற்கப்புறம் வாளியில் துணிமேல் பாசியைப் போட்டு, அதற்கு மேல் பழத்தைப் பறித்து நிரப்பினேன். வெறும் வாளியோடு போனால் என்ன சொல்வது?

அப்பா வாசலில் நின்றிருந்தார். வாளியைப் பார்த்து, "நல்லாப் பறிச்சிருக்க" என்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வாங்கிக் கீழே கொட்டிவிடுவாரோ என்று, "நானே பொறுக்கி வைக்கிறேன்" என்று மேலே கொண்டுபோய்விட்டேன். என் உள்ளாடையெல்லாம் முல்தேச் சாறு. துவைத்தும் போகவில்லை.

உடம்பு சரியில்லை என்றால் சரியில்லை என்று ஒரு வரி எழுது. நான் பயந்துகொண்டே இருக்கிறேன். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம்தான். நீ சொல்கிற இடத்துக்கு நான் வருகிறேன். எங்கே வேண்டுமானாலும்.

உன்
ஹெர்டிஸ்


ஆல்டா
15 ஆகஸ்ட் 1962

ஹெர்டிஸ்,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் வந்தேன்.

ஏரிப் பக்கம் போனேன். நீ மேற்கே என்று எழுதியிருந்தாய், ஏரிப் பக்கம் போகாதே என்று வேறு எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். சமர்த்துப் பெண், கடிதம் அவர் கையில் மாட்டினாலும் சந்திக்கிற இடம் தெரியாத மாதிரி மாற்றி எழுதியிருக்கிறாள், அம்மாவுக்குப் புரியும் என்று தெரிந்து எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஏனென்றால் "பாலத்துக்கு மேற்கே" என்பது உன் அப்பாவின் வாக்கியம். ஒவ்வொரு வருஷமும் வாளியை எடுக்கும்போது என் முகத்தைப் பார்த்து அதைத்தான் சொல்வார். ஓடை, வேலி, மாடு மாதிரிப் பாறை, ஏரிப் பக்கம் ஒன்றுமில்லை என்பது எல்லாம் சேர்த்தே சொல்வார். யாராவது நிஜமான இடத்தை அப்படி வரைந்து காட்டுவார்களா?

ஏரியைச் சுற்றி நடந்தேன். முழங்கால்வரை புதைந்தேன். ஒரு பழம் கண்ணில் படவில்லை, நீயும் இல்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். மழையில் நனைந்து பஸ் ஏறினேன். திரும்புகிற வழியெல்லாம் யோசித்தேன். அவர் வாக்கியம் உன் கடிதத்தில் எப்படி வந்தது? அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீ எழுதினாயா?

இப்போது நீ அங்கேதான் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நம்பவேண்டும் போலத்தான் இருக்கிறது. நீலச் சட்டை என்று படித்தபோது நம்பிவிட்டேன். அப்புறம், அதையும் அவரே சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது. என்மேல் தப்புச் சொல்லாதே. அந்த வீட்டில் யார் என்னிடம் ஒரு பேச்சை நேராகப் பேசினீர்கள்?

நான் இன்னொரு தடவை அங்கே வர மாட்டேன். நீ நிஜமாக வர விரும்பினால் சனிக்கிழமை பஸ்ஸில் தனியாக ஏறி வா. ஆல்டாவில் நிற்கிறேன். வந்தால் நம்புகிறேன்.

அம்மா


19 ஆகஸ்ட் 1962

அம்மா,

நேற்று சனிக்கிழமை. நான் பஸ் ஏறவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதைக் கிழித்துக் கடலில் போடவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன். அப்பா சமையலறை மேஜையில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். எனக்கு வழக்கமாக வருகிற பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அப்பா, நான் அம்மாவுக்கு நம்ம இடத்தைச் சொல்லிட்டேன்."

கத்தி நின்றது. "எந்த இடத்தை?"

"சதுப்பை. கடிதம் எழுதினேன். ரொம்ப நாளா எழுதறேன்."

"சரியாச் சொன்னியா? மாத்திச் சொன்னியா?"

"சரியாத்தான் சொன்னேன். பாலம், மேற்கு, ஓடை, எல்லாமே."

வார்டோவுக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். பெட்டியில் எதை முதலில் வைப்பது என்றுகூட யோசித்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார், கையைத் துடைத்தார், சிரித்தார். அம்மா, அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்பக் கவலையே இல்லடி. அவ ஏரிக்குத்தான் போயிருப்பா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணமான முதல் வருஷமே அவகிட்ட உள்ளதைச் சொன்னேன். வான்னு கூப்பிட்டேன். ஒரு மாதிரியாப் பார்த்தா. மறுநாள் தனியா ஏரிக்குப் போய் வெறும் வாளியோட வந்தா. அப்புறம் எனக்கும் அதுவே சௌகரியமாப் போச்சு. வருஷா வருஷம் உள்ளதைச் சொல்லுவேன், அவ வருஷா வருஷம் ஏரிக்குப் போவா."

"அது நிஜம்தான்னு ஒரு தடவை அடிச்சுச் சொல்லியிருக்கலாமே?"

"ஏன் சொல்லணும்? புருஷன் பேச்சை நம்பாதவ சேத்துல நடக்கட்டும்" என்றார். அப்புறம் மீனை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அதை நினைத்து மறுபடி சிரித்தார். கடிதம் எழுதியதற்கு எதுவும் சொல்லவில்லை. என் பயத்தையெல்லாம் அவர் பார்க்கவே இல்லை போல.

அவருக்கு வேடிக்கையாக இருந்தது. உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். நான் அந்தப் பாறைமேல் இருந்தேன், அவ்வளவுதான்.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினாயா என்று கேட்டிருக்கிறாய். நான் இந்தக் கோடை முழுக்கப் படியில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு எழுதினேன். உன்னைத் தவிர யாரோடும் பேசவில்லை. அதில் எதை நான் எழுதினேன் என்று நினைத்தாய், எதை அவர் எழுதினார் என்று நினைத்தாய்? எனக்கு அது தெரிய வேண்டும் போல இருந்தது. இப்போது வேண்டாம். ஆல்டாவுக்கு வந்தால் நீ நம்புவாய், தெரியும். ஆனால் தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, இன்றைக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லும்போது, நீ என் முகத்தைப் பார்ப்பாய். அந்தப் பார்வையை இந்த வீட்டிலேயே நிறையப் பார்த்துவிட்டேன்.

நாளைக்கு விடுதிக்குப் போகிறேன். அங்கே தீவுப் பிள்ளைகள் சிலர் புயல் காரணமாகக் கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பொறுப்பாளர் அம்மாளிடம் நானும் அவர்களோடு இருந்துவிடலாமா என்று கேட்கப்போகிறேன். அவர் சிடுசிடுப்பானவர்தான். ஆனால் வெளியே போய்விட்டு வந்து எங்கே போனேன் என்று சொன்னால், சரி என்று எழுதிக்கொள்வார்.

யூடித்துக்கு இனி அனுப்பாதே, பாவம் அவள் அம்மா கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். விடுதிக்கே நேராக எழுதலாம். நான் பதில் எழுதுவேனா என்று கேட்பாய். எழுதுவேன் என்றால் மாட்டாள் என்று எடுத்துக்கொள்வாய். மாட்டேன் என்றால் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். உன்னிடம் எப்படிச் சொன்னால் அப்படியே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை அம்மா. அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஹெர்டிஸ்